சால் தப்புன புத்திக்கு மனநோய்னு பேரு போடாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சேரன்மகாதேவி பக்கத்துல ஒரு கிராமத்துல இருந்து எழுதுறேன். பள்ளிக்கூடத்துல இங்கிலீஷ் டீச்சரா இருக்கேன், 26 வருஷம் ஆச்சு. எங்க வீட்ல உங்க பேப்பர்தான், நான் எழுத்துக்கூட்டி வாசிச்சு பழகுனதே அதுலதான். இதுவரைக்கும் ஆசிரியருக்கு ஒரு கடிதம் கூட எழுதுனது இல்ல. இந்த தடவை எழுதாம இருக்க முடியல.

போன ஞாயித்துக்கிழமை மருத்துவப் பக்கத்துல ஒரு கேள்வி வந்திருந்துச்சு. அம்மாவுக்கு ஆபரேஷன் முடிஞ்சு மூணாம் நாள்ல இருந்து ஆளு தெரியாம என்னென்னமோ பேசுறாங்க, டாக்டர் கேஸ் ஷீட்ல டெலிரியம்னு எழுதியிருக்காரு, அப்படின்னா என்னன்னு ஒருத்தர் கேட்டிருந்தாங்க. அதுக்கு நீங்க போட்ட பதில் முதுமையில வரக்கூடிய ஒரு மனநோய், மறதி நோய் மாதிரி, குடும்பத்தார் அன்பா பாத்துக்கணும், அவ்வளவுதான். அன்பா பாத்துக்கணும்ங்கிறதுல எனக்கு ஒரு மறுப்பும் இல்ல. ஆனா டெலிரியம்ங்கிறது மனநோயும் இல்ல, மறதி நோயும் இல்ல, உடம்புல ஏதோ ஒண்ணு கெட்டதால திடீர்னு வர்ற புத்தித் தடுமாற்றம். கேட்டவங்க அந்த பதிலை நம்பி, சரி இனிமே இப்படித்தான்னு அம்மாவை வீட்டுக்கு கூட்டிட்டு போயிருந்தா என்ன ஆகும்னு நினைச்சாலே எனக்கு நெஞ்சு பதறுது, ஏன்னா அதே தப்பை நாங்க செஞ்சோம்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால, கத்திரி வெயில் நேரம். அப்பாவுக்கு 76 வயசு. பிரஷருக்கு மாத்திரை போடுதாவ, அதுல ஒண்ணு உடம்புல இருக்கிற உப்பையும் தண்ணியையும் சேத்து மூத்திரத்துல வெளியேத்துற மாத்திரை. உப்பை குறைங்கன்னு சொன்னதால சோத்துல கூட உப்பு போட விடமாட்டாவ. அந்த சமயம் பாத்து ரெண்டு நாள் வயித்தால போச்சு. வெயிலுக்குத்தான்னு நினைச்சுட்டு வெறும் தண்ணியும் உப்பில்லா கஞ்சியும் குடிச்சுட்டு படுத்திருந்தாவ. மூணாம் நாள் ராத்திரி ரெண்டு மணி இருக்கும், அம்மா வந்து எழுப்புதா, "ஏளா, அப்பா என்னமோ பேசுதாவ, வந்து பாரு"ன்னு.

போய் பாத்தா அப்பா கட்டில்ல எந்திரிச்சு உக்காந்து, செத்துப்போன எங்க பெரியப்பா கூட பேசிட்டு இருக்காவ. "கால்ல தண்ணி வந்துட்டா? மடைய அடைச்சுட்டானுவ போல, அந்த மம்பட்டிய எடு." கன்னடியன் கால்வாய்ப் பாசனத்துல காலம் பூரா விவசாயம் பாத்தவங்க, கார் சாகுபடிக்கு தண்ணி திறக்குற நேரம் நெருங்கிட்டுன்னு மனசுக்குள்ள கிடந்திருக்கும் போல. என்னைப் பாத்து "நீ யாருட்டி?"ன்னாவ. பெத்த பொண்ணை பாத்து நீ யாருன்னு கேட்டா எப்படி இருக்கும், அதை நான் இங்க எழுதப் போறது இல்ல.

காலைல ஆறு மணிக்கு பாத்தா நல்லா இருக்காவ. காப்பி கேட்டாவ, பேப்பர் கேட்டாவ. நாங்களும் தூக்கத்துல உளறிட்டாவ போலன்னு நினைச்சுட்டோம். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரம் மறுபடியும் ஆரம்பிச்சுட்டு. தெருவுல ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. வயசாச்சுல்லான்னு ஒருத்தி, கோட்டி கீட்டி, அதான் பைத்தியம், புடிச்சுட்டான்னு வாசல்லயே நின்னு ஒருத்தர், உச்சி நேரத்துல வயக்காட்டு பக்கம் போயிருப்பாரு, சுடலைமாடன் கோயில்ல திருநீறு வாங்கி போடுங்கன்னு ஒருத்தர். திருநீறும் போட்டோம், அதுல எனக்கு வருத்தம் இல்ல, நம்பிக்கை உள்ள குடும்பம்தான். மறுநாள் ஒரு டாக்டர்கிட்ட காட்டுனோம். எத்தனை நாளா இப்படின்னு அவர் கேக்கவே இல்ல. வயசைக் கேட்டாரு, மறதி நோய் ஆரம்பம்னு சொன்னாரு, ராத்திரி தூங்க ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தாரு. அந்த மாத்திரை போட்டப்புறம் நிலைமை இன்னும் மோசம். அப்படி ரெண்டு நாள் கையை விட்டுப் போச்சு.

அந்த ரெண்டு நாள்ல அப்பா செஞ்ச ஒரு காரியம் என் கண்ணுலயே நிக்கி. போர்வையை புடிச்சு நுனி நுனியா பிடுங்குறாவ. இடது கை சேத்துப் புடிக்கும், வலது கை பிடுங்கும், ஒரு பிடி சேந்ததும் முழங்கால்ல ரெண்டு தட்டு தட்டுவாவ, அப்புறம் கட்டுற மாதிரி விரலை ஒரு சுத்து சுத்தி பக்கத்துல வைப்பாவ. அம்மாதான் கண்டுபிடிச்சா, "நாத்து பறிக்காவட்டி"ன்னு. எங்க ஊர்ல நாத்து பறிக்கிறது ஆம்பளைங்க வேலை, பறிச்ச நாத்தை கால்ல தட்டி சேறு போக்கி முடி கட்டி வைப்பாங்க. அதையேதான் போர்வையில செஞ்சுட்டு இருந்திருக்காவ. படுக்கைத் துணியை இப்படி பிடுங்குறது டெலிரியத்தோட அடையாளம்னு பழைய கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டிஸ் காலத்துலயே குறிச்சு வச்சிருக்காங்க, காலம் பூரா பாத்த தொழிலை அந்த நிலைமையில கை தானா செய்யும்ங்கிறதும் டாக்டர்களுக்கு தெரிஞ்ச விஷயம்தான். எங்களுக்கு அப்ப தெரியாது. நாங்க பாத்து அழுதுட்டு இருந்தோம்.

அஞ்சாம் நாள் திருநெல்வேலிக்கு கொண்டு போனோம். அங்க டூட்டில இருந்தது ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. அவங்க கேட்ட முதல் கேள்வி, "இது எப்ப இருந்து?" அஞ்சு நாளான்னு உறுதி பண்ணிக்கிட்டாங்க, அதுக்கு முன்னால எப்படி இருந்தாங்கன்னு கேட்டாங்க. போன வாரம் வரைக்கும் வட்டிக் கணக்கை மனசுலயே போட்ட மனுஷன்னு நான் சொன்னேன். அப்புறம் அப்பாகிட்ட மாசத்தை பின்னால இருந்து சொல்லுங்க தாத்தான்னாங்க. அப்பா "பங்குனி... மாசி..."ன்னு ஆரம்பிச்சு, "மாசி... கோயில் கொடைக்கு மேளக்காரன் வந்துட்டானா?"ன்னு எங்கயோ போயிட்டாவ. அந்த டாக்டரம்மா தலையாட்டிட்டு ஷீட்ல டெலிரியம்னு எழுதுனாங்க, ரத்தம் எடுக்க சொன்னாங்க. ரத்தத்துல சோடியம்ங்கிற உப்பு 135-ல இருந்து 145-க்குள்ள இருக்கணுமாம், அப்பாவுக்கு 116. நாலு நாள் ஆச்சு சரி பண்ண, ஒரேயடியா ஏத்துனா மூளைக்கு கெடுதலாம், மெதுவாத்தான் ஏத்தணுமாம். அந்த பிரஷர் மாத்திரையை நிப்பாட்டி வேற மாத்துனாங்க, தூக்க மாத்திரையையும் நிப்பாட்டுனாங்க. எட்டாம் நாள் காலைல "ஏட்டி, பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுட்டா வந்தே?"ன்னு கேட்டாவ பாருங்க, ஆஸ்பத்திரி வராண்டான்னும் பாக்காம உக்காந்து அழுதுட்டேன்.

இப்ப வார்த்தைக்கு வாரேன், நான் எழுத வந்ததே அதுக்குத்தான்.

இங்கிலீஷ் டீச்சரான எனக்கு அந்த வார்த்தை தெரியாதான்னு கேப்பீங்க. தெரியும், ஆனா டெலிரியஸ்னுதான் தெரியும். சந்தோஷத்துல டெலிரியஸ் ஆயிட்டாங்கன்னு பாடத்துல வரும், கால் தரையில படாத சந்தோஷம்னு பிள்ளைங்களுக்கு அர்த்தம் சொல்லியிருக்கேன். நான் பிள்ளைங்களுக்கு சொல்லிக் கொடுத்தது அந்த வார்த்தையோட வேஷத்தை மட்டும்தான்னு அன்னைக்கு கேஸ் ஷீட்டை பாத்தப்புறம்தான் புரிஞ்சுது. வீட்டுக்கு வந்ததும் டிக்ஷனரியை எடுத்தேன். இது லத்தீன்ல இருந்து வந்த சொல். லிரான்னா உழவுச் சால், ஏரு மண்ணுல கீறிட்டுப் போற கோடு, முன்னால வர்ற டி-ங்கிறதுக்கு அதை விட்டு விலகின்னு அர்த்தம். ஏரு சாலை விட்டு விலகிப் போறதுக்கு வச்ச பேரு அது. முதல் நூற்றாண்டுலயே செல்சஸ்னு ஒரு ரோமானியர் மருத்துவத்துல அந்த சொல்லை எழுதியிருக்காரு, இங்கிலீஷுக்கு 16-ஆம் நூற்றாண்டு கடைசில வந்திருக்கு. மறதி நோய்க்கு இங்கிலீஷ்ல சொல்ற டிமென்ஷியாவும் லத்தீன்தான், ஆனா அது மனசு இல்லாம போறதுங்கிற பொருள்ல வரும். சால் தப்புறது வேற, வயலே அழிஞ்சு போறது வேற. ரெண்டையும் சேத்து ஒரே பேர்ல போட்டா எப்படிங்க?

அப்பா தேறி வீட்டுக்கு வந்தப்புறம் ஒருநாள் திண்ணையில உக்காந்து இதை அவுககிட்ட சொன்னேன். உங்களுக்கு வந்ததுக்கு வெள்ளைக்காரன் சால் தப்புறதுன்னு பேரு வச்சிருக்கான்ப்பான்னு. அவுக கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "சால் தப்புனா ஏரு புடிச்சவனை வையக்கூடாதுட்டி, இடத்து மாடா வலத்து மாடா எது விலகிச்சுன்னு பாக்கணும், நுகத்தடி சரிஞ்சிருக்கான்னு பாக்கணும், கொழு எதுலயாவது வேர்ல மாட்டிருக்கான்னு பாக்கணும்"னாவ. டெலிரியத்துக்கு டாக்டருங்க செய்ற வேலை பூரா அதுதாங்க. மூத்திரத்துல கிருமியா, நெஞ்சுச் சளியா, உடம்புல தண்ணி வத்திட்டா, சோடியம் குறைஞ்சிட்டா, சுகர் இறங்கிட்டா, புதுசா ஏதாவது மாத்திரை போட்டாங்களா, மூத்திரம் அடைச்சு கிடக்கா, நாலு நாளா வெளிக்கு போகலையா. அலர்ஜிக்கும் சளிக்கும் தூக்கத்துக்கும் கொடுக்கிற சில மாத்திரைகளே வயசானவங்களுக்கு இதைக் கொண்டு வந்துரும். எது விலகிச்சோ அதை நேராக்குனா பெரும்பாலும் ஏரு சாலுக்கு வந்துரும். மறதி நோய் மாசக்கணக்குல வருஷக்கணக்குல மெல்ல மெல்ல வர்றது. டெலிரியம் மணிக்கணக்குல, மிஞ்சிப் போனா ஒண்ணு ரெண்டு நாள்ல வர்றது, காலைல தெளிவு, ராத்திரி குழப்பம்னு ஏறி இறங்கும். 1990-ல ஷாரன் இனூயேன்னு ஒரு அமெரிக்க டாக்டரம்மாவும் அவங்க கூட இருந்தவங்களும் கண்டுபிடிக்கிற முறை ஒண்ணு எழுதுனாங்க, இன்னைக்கும் உலகம் பூரா அதை வச்சு பாக்காங்க. திடீர்னு வந்துச்சா, ஏறி இறங்குதா, கவனம் ஒரு இடத்துல நிக்குதா, இது முதல்ல. அதுக்கப்புறம் பேச்சுல நினைப்பு கோர்வையா வருதா, இல்ல முழிப்புலயே மந்தமோ படபடப்போ தெரியுதா, இதுல ஒண்ணாவது இருக்கணும். மாசத்தை பின்னால இருந்து சொல்லச் சொன்னது அந்த கவனத்தை பாக்கத்தான். ஏற்கனவே மறதி நோய் இருக்கவங்களுக்கும் அது மேல டெலிரியம் வரும், இன்னும் லேசா வரும். அதனால வீட்ல ஏற்கனவே மறதி உள்ளவங்க ஒருநாள் திடீர்னு மோசமானா, அதுவும் அதுதான்னு விட்றக் கூடாது.

தமிழ்ல இதுக்கு சொல்லே இல்லையான்னா, இருந்துச்சு. எங்க ஆச்சி ஜன்னி கண்டுட்டுன்னு சொல்லுவா. காய்ச்சல் முத்தி பிதத்துனா அது ஜன்னி. சித்த வைத்தியத்துல சன்னின்னும் சன்னிபாதம்னும் இருக்கு, வாதம் பித்தம் கபம் மூணும் சேந்து கெட்டா வர்றதுன்னு. ஆச்சிக்கு அது உடம்புல வந்த கேடுன்னு தெளிவா தெரிஞ்சிருந்துச்சு, ஜன்னி கண்டவனை யாரும் பைத்தியக்காரன்னு சொல்லல. ஆனா இப்ப ஜன்னின்னா பிள்ளைங்களுக்கு காய்ச்சல்ல வர்ற வலிப்புன்னுதான் முக்காவாசி பேருக்கு தோணும். அதோட வயசானவங்களுக்கு காய்ச்சல் இல்லாமலே டெலிரியம் வரும், அப்பாவுக்கு தொட்டுப் பாத்தா உடம்பு குளுகுளுன்னுதான் இருந்துச்சு. அதனால ஆச்சியோட சொல்லை அப்படியே எடுத்துப் போட முடியாது. மனக்குழப்பம்னு போடலாமான்னா, கூட்டணிக் குழப்பம், கல்யாணத்துல குழப்பம், எந்த காலேஜ்ல சேக்கன்னு குழப்பம், எல்லாத்துக்கும் அதுதான் சொல். மனக்குழப்பத்துக்கு யாரும் ராத்திரியில ஆம்புலன்ஸ் கூப்பிட மாட்டாங்க. சித்தப்பிரமைன்னா அதிர்ச்சியில வாயடைச்சு நிக்கிறதுக்கு சொல்றோம். கோட்டியை பத்தி நான் சொல்ல வேண்டாம், நம்ம மாவட்டத்துல பிறந்த எல்லாருக்கும் அது எவ்வளவு லேசா வாயில வரும்னு தெரியும். அது ஒரு தடவை ஒருத்தர் மேல விழுந்துட்டா தெருவுல பிள்ளைங்க பாக்குற பார்வையே மாறிப் போவுது. அப்பா தேறி வந்தப்புறம் கூட கடைத்தெருவுல ரெண்டு பேரு "இப்ப கோட்டி சரியாயிட்டா"ன்னு கேட்டிருக்காங்க. அன்னையில இருந்து மூணு மாசம் அப்பா டீக்கடை பக்கம் போகல.

இன்னொண்ணும் சொல்லணும். டெலிரியம்னா கத்துறது, எந்திரிச்சு ஓடுறதுன்னு மட்டும் இல்ல. எங்க பெரியம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சு ஆபரேஷன் பண்ணுனாங்க. அதுக்கப்புறம் ஒரு சத்தம் இல்ல, கூப்பிட்டா அரைக்கண்ணுல பாப்பாங்க, வாயில வச்ச சோத்தை முழுங்க மறந்துருவாங்க. நாங்க எல்லாரும் பாவம் நல்லா ரெஸ்ட் எடுக்காவன்னு சொல்லிட்டு இருந்தோம். அதுவும் டெலிரியம்தான், அமைதியா வர்ற வகை. தொந்தரவு பண்ணாததால யாரும் கண்டுக்க மாட்டாங்க, அதனாலயே அது இன்னும் ஆபத்து. அது இப்படி ஒரு வகைன்னு பெரியம்மா காலமாகி பல வருஷம் கழிச்சு, அப்பாவுக்கு வந்தப்புறம்தான் எனக்கு தெரியும். இது மனசுல கிடந்து அரிக்கிற விஷயம், நீங்க பேப்பர்ல ஒரு வரி போட்டிருந்தா அன்னைக்கு யாராவது வாசிச்சிருப்போமே.

குடியை நிப்பாட்டுறவங்களுக்கு வர்றதும் இந்த குடும்பம்தான். கார்த்திகைல மாலை போட்டுட்டு தினமும் குடிச்சவரு ஒரேயடியா நிப்பாட்டுவாரு, நல்ல மனசோடதான் நிப்பாட்டுவாரு, ரெண்டு மூணு நாள் கழிச்சு கை நடுக்கம், வியர்வை, சுவத்துல பூச்சி ஊறுது, யாரோ கூப்பிடுறாங்கன்னு பேச்சு. ஊர்ல சாமி குத்தம்ங்கிறாங்க. இங்கிலீஷ்ல டெலிரியம் ட்ரெமென்ஸ், நடுக்கத்தோட வர்ற டெலிரியம், தாமஸ் சட்டன்னு ஒரு இங்கிலாந்து டாக்டர் 1813-ல வச்ச பேரு. கவனிக்காம விட்டா உயிரே போயிரும். அவங்களை அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு கொண்டு போகணும், மாலையை பத்தி சாமி கோவிச்சுக்க மாட்டாரு. கார்த்திகை மாசம் வர்றதுக்கு முன்னால இதை நீங்க ஒரு செய்தியா போட்டா நம்ம பக்கத்துல எத்தனையோ வீட்டுக்கு உதவும்.

என்ன வார்த்தை போடணும்னு என்னைக் கேட்டா, நான் தமிழறிஞர் இல்ல, ஆனா தினமும் வகுப்புல ரெண்டு பாஷைக்கும் நடுவுல நின்னு சொல்லு தேடுறவ. டெலிரியம்னே தமிழ் எழுத்துல போடுங்க, சுகர், பிரஷர், டயாலிசிஸ்னு சனங்க பழகலையா, இதையும் பழகிருவாங்க. ஆனா அதை தனியா விடாதீங்க, ஒவ்வொரு தடவையும் பக்கத்துலயே திடீர் புத்தித் தடுமாற்றம்னு போடுங்க. திடீர்ங்கிற சொல்லை மட்டும் தயவுசெஞ்சு இடம் பத்தலன்னு வெட்டிறாதீங்க, அந்த நோயோட உயிரே அந்த ஒரு சொல்லுலதான் இருக்கு. எனக்கு மனசுக்குள்ள சால் தப்புறதுன்னுதான் வருது, உழவு தெரிஞ்ச ஊருக்கு அது சொன்ன உடனே புரியும், ஆனா டிராக்டர் மட்டுமே பாத்து வளர்ற என் வகுப்பு பிள்ளைங்களுக்கு சாலுன்னா என்னன்னு முதல்ல சொல்ல வேண்டியிருக்கு, அதனால அதை வற்புறுத்தல.

அந்த கேள்வி கேட்டவங்களுக்கு மறுபடியும் பதில் போடுங்க, அதுதான் நான் உங்ககிட்ட கேக்குறது. திருத்தம்னு ஒரு மூலையில பொடி எழுத்துல வேண்டாம், அதே பக்கத்துல, அதே அளவு எழுத்துல போடுங்க. அவங்க அம்மாவுக்கு ஆபரேஷனுக்கு அப்புறம் கொடுத்த வலி மாத்திரையை பாக்கச் சொல்லுங்க, மூத்திரமும் ரத்தமும் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க, பகல்ல ஜன்னலை திறந்து வெளிச்சம் வர வைக்கச் சொல்லுங்க, கண்ணாடி போடுறவங்கன்னா கண்ணாடியை மாட்டி விடச் சொல்லுங்க, காது மெஷின் இருந்தா அதையும். கூட பழகுன ஆள் ஒருத்தர் பக்கத்துல உக்காந்து இது இன்ன ஊரு, இன்னைக்கு இன்ன கிழமை, நான் உன் மகன்னு பொறுமையா சொல்லிட்டே இருக்கச் சொல்லுங்க. தப்பா பேசுனா சண்டை போட வேண்டாம். நாங்க அப்பாவுக்கு அப்படித்தான் செஞ்சோம், ஆஸ்பத்திரி கட்டில்ல அப்பாவோட மூக்குக்கண்ணாடியை மாட்டி விட்டு உங்க பேப்பரைத்தான் கையில கொடுத்தோம், முதல் ரெண்டு நாள் தலைகீழா புடிச்சிருந்தாவ, மூணாம் நாள் தானா திருப்பிக்கிட்டாவ.

இப்படிக்கு
ஒரு இங்கிலீஷ் டீச்சர்,
சேரன்மகாதேவி வட்டாரம்.